பிரிட்டன் தேர்தல் இரவு: எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் பொதுத் தேர்தல் நடக்கும் ஒவ்வொரு முறையும் அன்றிரவு லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் கூடிவிடும். மதுரை, கோவை, யாழ்ப்பாணம், பினாங்கு என்று கலவையான கூட்டம். ஊரில் தேர்தல் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று வந்து உட்காருவார்கள், பத்தரை மணிக்குள் குழம்பிப்போவார்கள். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி டிவியில் நல்ல இடங்களையெல்லாம் கோட்டைவிடுகிறேன். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள். உதாரணங்கள் பெரும்பாலும் 2024 ஜூலை 4 தேர்தலிலிருந்து.

அக்கா, நான் இன்னும் விசாவுலதான் இருக்கேன். வேடிக்கை பார்க்க மட்டும்தானே வரேன்?

இல்லை, உனக்கும் ஓட்டு உண்டு. இதை நம்பவே மாட்டேன் என்கிறார்கள், அதனால் முதலில் வைத்தேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்து, சட்டப்படி இங்கே தங்கியிருந்து, 18 வயது ஆகியிருந்தால் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த். மாணவர் விசா, வேலை விசா, கூட வந்த கணவன் மனைவி எல்லாருக்கும் இது பொருந்தும். இருபது வருஷமாக இங்கே கடை வைத்திருக்கும் இத்தாலிக்காரருக்கு இந்த ஓட்டு கிடையாது. போன வருஷம் வந்து இறங்கிய உனக்கு உண்டு.

ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிவு மூடிவிடும், அதற்குப் பிறகு அழுது பிரயோசனமில்லை. இணையத்தில் ஐந்து நிமிட வேலை. பட்டியலில் பெயர் இருப்பது கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது. ஓட்டில் ஆர்வமில்லாதவர்களை நான் இதைச் சொல்லித்தான் பதிவு செய்ய வைக்கிறேன். இங்கே ஓட்டுப் போட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால்தான் போகும், ஓட்டுப் போட்டால் அல்ல.

விரல்ல மை வைப்பாங்களா? என்ன எடுத்துட்டுப் போகணும்?

மை கிடையாது. மறைப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில் இருக்கும். பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். படத்துடன் கூடிய அடையாள அட்டை கட்டாயம். பொதுத் தேர்தலில் இந்த விதி முதலில் வந்தது 2024-ல். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும். பல்கலைக்கழக அட்டை செல்லாது.

ஓட்டுப் பதிவு முடிஞ்ச அன்னைக்கே எண்ணிடுவாங்களா?

அன்றைக்கேதான். காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை ஓட்டுப் பதிவு. பத்து அடித்ததும் பெட்டியைச் சீல் வைத்து எண்ணும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். அது பெரும்பாலும் ஏதாவது விளையாட்டு அரங்கமாக இருக்கும். எல்லாம் காகிதச் சீட்டு, எல்லாம் கையால் எண்ணுவது. முதலில் பெட்டியிலிருக்கும் சீட்டு எண்ணிக்கை கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம்தான் கட்சிவாரியாகப் பிரித்துக் கட்டுக்கட்டாக அடுக்குவது. விடிவதற்குள் பெரும்பாலான தொகுதிகள் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதுதான் பெரிய அதிசயம். 2024-ல் அங்கே ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை காத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிரிப்பார்கள், இலங்கையிலும் அன்றிரவே எண்ணி, தபால் வாக்கிலிருந்து தொடங்கி விடிய விடிய முடிவு சொல்லுவது வழக்கம்தான்.

சரி, இப்போ யாரு லீடிங்?

இந்தக் கேள்வியை ஒருவர் கேட்காத தேர்தலே இல்லை. பதில்: யாரும் இல்லை. இங்கே முன்னிலை, பின்னடைவு, மூன்றாவது சுற்று, பதினோராவது சுற்று எதுவும் கிடையாது. ஒரு தொகுதியில் எண்ணி முடித்து, தேர்தல் அதிகாரி மேடையேறி, வேட்பாளர்களை வரிசையாக நிற்கவைத்து, பெயரை அகர வரிசையில் படித்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை ஓட்டு என்று சொல்லும் வரை அந்தத் தொகுதியைப் பற்றி அதிகாரபூர்வமாக ஒரு எண் கூட வெளியே வராது. வரும்போது முழுதாக வரும்.

போனில் முடிவுப் பக்கத்தைத் தட்டித் தட்டிப் புதுப்பிப்பவர்கள் பாவம். நம் ஊரில் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, நம்ம ஆள் 400 ஓட்டில் முன்னிலை, அடுத்த சுற்றில் 900 பின்னடைவு என்று வயிற்றைக் கலக்குவதில்தான் பாதி சுவாரசியம். இங்கே அது இல்லை. ஆனால் ஏஜெண்டுகள் மேஜைக்கு எதிரே நின்று எந்தக் கட்டு எவ்வளவு உயரம் என்று எட்டி எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ‘அந்த அமைச்சருக்கு ஆபத்தாம்’ என்று இரவு ஒரு மணிக்கு டிவியில் சொல்வது இப்படிக் கசிந்து வருவதுதான். வதந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் உண்மையாகிவிடும் வதந்தி.

எண்ணவே ஆரம்பிக்கலை, பத்து மணிக்கு டிவியில பெரிசா நம்பர் போட்டுட்டாங்களே?

அதுதான் எக்ஸிட் போல். பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து எடுப்பது. பத்து மணிக்கு முன்னால் வெளியிட்டால் குற்றம் என்பதால் பிக் பென் மணி அடிக்கிற அந்த நொடி வரை பூட்டி வைத்திருப்பார்கள். சுமார் 130 வாக்குச்சாவடி வாசலில், ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவரிடம் அசல் சீட்டைப் போலவே ஒன்றைக் கொடுத்து, இன்னொரு தடவை இந்தப் பெட்டியில் போடுங்கள் என்பார்கள். வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதால் கூச்சப்பட்டுப் பொய் சொல்வது குறைவு.

கூடுமானவரை போன தேர்தலில் நின்ற அதே சாவடி வாசலிலேயே நிற்பார்கள், இதுதான் சூட்சுமம். எத்தனை பேர் லேபர் கட்சிக்குப் போட்டார்கள் என்பதைவிட, அந்த இடத்தில் போன தடவையிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைத்தான் எடுத்துக்கொண்டு மற்றத் தொகுதிகளுக்குக் கணக்குப் போடுகிறார்கள். பல தேர்தல்களாக இந்தக் குழுவில் இருக்கும் பேராசிரியர் ஜான் கர்டிஸ் அன்றிரவு டிவியில் வருவார். வெள்ளை முடி கலைந்திருக்கும். அவர் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் சட்டியை உருட்டக்கூட விடமாட்டேன்.

நம்ம ஊர் எக்ஸிட் போல் எல்லாம் கதையாச்சே, இதை மட்டும் நம்பலாமா?

நியாயமான சந்தேகம். 2024-ல் இந்தியாவில் பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல், 400 என்றெல்லாம் போட்டார்கள், வந்தது 293. இங்கே அதற்கு அடுத்த மாதம் லேபருக்கு 410 என்றார்கள், வந்தது 411. 2017-ல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 314 என்று சொல்லி 317 வந்தது. 2019-ல் 368-க்கு 365.

சறுக்காமலும் இல்லை. 1992-ல் யாருக்கும் பெரும்பான்மை வராது என்றார்கள், கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜர் பெரும்பான்மையோடு ஜெயித்தார். 2015-ல் லிபரல் டெமாக்ரட்டுக்கு 10 என்று பார்த்ததும், அக்கட்சியின் முன்னாள் தலைவர் பேடி ஆஷ்டவுன், இது சரியாக இருந்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார். வந்தது 8. சிறிய கட்சிகளிடம் இன்னும் தடுமாற்றம் உண்டு: 2024-ல் ரிஃபார்முக்கு 13 என்றார்கள், 5 வந்தது, லிபரல் டெமாக்ரட்டுக்கு 61, வந்தது 72. பெரிய படத்துக்கு நம்புங்கள். உங்கள் தொகுதிக்கு என்று கேட்டால் காலை வரை பொறுங்கள்.

எத்தனை மணிக்கு வரோணும் அக்கா? விடிய விடிய முழிச்சிருக்கோணுமோ?

ஒன்பதரைக்கு வந்து சாப்பிட்டுவிடுங்கள். பத்து மணிக்கு எக்ஸிட் போல், இதைத் தவறவிட்டால் வந்ததே வீண். பதினொன்றே கால், பதினொன்றரை வாக்கில் முதல் முடிவு. அதற்குப் பிறகு ஒன்றரை மணி வரை வறட்சி. ஸ்டுடியோவில் நாலு பேர் ஒன்றையே வேறு வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தூங்கத் தெரிந்தவர்கள் இந்த நேரத்தில் தூங்கிவிட வேண்டும். இரண்டு மணிக்கு மேல் மழை. மூன்றரைக்கெல்லாம் ஒரு அறிவிப்பைப் பார்ப்பதற்குள் திரையின் கீழே நாலு முடிவு ஓடிப்போகும். அந்த நேரத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் விட்டால் காலையில் கோபித்துக்கொள்வார், எழுப்பினாலும் கோபித்துக்கொள்வார்.

இன்னொன்று. 1935-லிருந்து பொதுத் தேர்தல் எல்லாமே வியாழக்கிழமைதான், விடுமுறையும் கிடையாது. லண்டனில் இரவு முழுக்க ஓடும் டியூப் (சுரங்க ரயில்) வெள்ளி, சனி இரவில் மட்டும். அதனால் நள்ளிரவு தாண்டினால் நைட் பஸ் அல்லது எங்கள் தரைவிரிப்பு. போர்வை கொண்டுவாருங்கள், வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.

பப்புக்குப் போய்ப் பார்க்கலாமே, எதுக்கு வீடு?

பதினொன்றுக்கு மேல் பெரும்பாலான பப்பில் கடைசி ஆர்டர் மணி அடித்துவிடுவார்கள். முதல் முடிவு வரும்போது நீங்கள் தெருவில் நிற்பீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டு வரட்டும்?

மிக்சர், சிப்ஸ், பழம் எது வேண்டுமானாலும். மூன்று மணிக்கு நான் ரவா உப்புமா கிண்டுவேன், அந்த நேரத்தில் அதைக் குறை சொன்னவர் யாருமில்லை. மீன் பொரியல் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று ஜன்னலை மூடித்தான் வைத்திருப்போம். ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, எக்ஸிட் போலுக்கு முன்பே லேபருக்கு எத்தனை, கன்சர்வேட்டிவுக்கு எத்தனை என்று சீட்டு எழுதிப் போட வேண்டும். இறுதி எண்ணிக்கைக்கு யார் நெருக்கமோ அவருக்கு மொத்தப் பணமும். அரசியலே பிடிக்காது என்று மூலையில் உட்கார்ந்திருப்பவரும் இதற்காகக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பிரதமருக்குப் பக்கத்துல தலையில குப்பைத் தொட்டி மாட்டிக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரே?

அவர் கவுண்ட் பின்ஃபேஸ், கேலிக்காக அந்த வேஷத்தில் நிற்கும் வேட்பாளர்தான். 500 பவுண்டு டெபாசிட் கட்டினால் யாரும் நிற்கலாம். பதிவான ஓட்டில் 5 சதவீதம் தாண்டாவிட்டால் நம் ஊர் பாஷையில் டெபாசிட் காலி. 2024-ல் ரிஷி சுனக்கின் ரிச்மண்ட் அண்ட் நார்தலர்ட்டன் தொகுதியில் இவர் 308 ஓட்டு வாங்கினார். ஆட்சியை இழந்த பிரதமரின் முகத்தை நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது மேடையில் இவரும் நின்றார்; சுனக் பேசுகையில் இன்னொரு வேட்பாளர் பின்னால், தோற்றவர் (loser) என்பதற்கு ‘எல்’ என்று எழுதிய தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிலருக்கு இது அசிங்கமாகப் படும். எனக்குப் பிடிக்கும். அதிகாரத்திலிருப்பவர் எல்லாரோடும் ஒரே வரிசையில் நின்று தன் எண்ணிக்கையைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலானாலும்.

ஏதோ சண்டர்லாண்டாம், ஒரே ஒரு ரிசல்ட் வந்ததுக்கு எதுக்கு இவ்வளவு துள்ளல்?

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிற ஊர் அது. முதலில் முடிவு சொல்வதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டது. பெட்டிகளை இளைஞர்கள் ஓடி ஓடிக் கைமாற்றுவார்கள்; நோட்டு எண்ணிப் பழகிய வங்கி ஊழியர்களை எண்ணுவதற்கு அமர்த்திய காலமும் உண்டு. 2001-ல் 10.42-க்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். இடையில் 2017, 2019-ல் நியூகாஸில் முந்திக்கொண்டது. 2024-ல் ஹவுட்டன் அண்ட் சண்டர்லாண்ட் சவுத் மறுபடி முதலிடம்.

லேபர் அங்கே ஜெயிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், யார் ஜெயித்தார் என்பது செய்தியே இல்லை. எத்தனை சதவீதம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் செய்தி. 2024-ல் கன்சர்வேட்டிவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு ரிஃபார்ம் இரண்டாவதாக வந்தது. அந்த ஒரு வரியிலேயே இரவு எப்படிப் போகப்போகிறது என்று பாதி தெரிந்துவிட்டது. முன்னிலை இல்லாத ஊரில் (மேலே சொன்னேன்) சுற்று எண்ணிக்கைக்குப் பதிலாக இதுதான்.

லேபருக்கு 34 சதவீதம் கூட வரலை. அப்புறம் எப்படி 411?

இந்தியாவில் நடப்பதேதான். ஒவ்வொரு தொகுதியிலும் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிறார், பாதி தாண்ட வேண்டியதில்லை. லேபர் 33.7 சதவீதத்தை வைத்து 650-ல் 411 பிடித்தது. ரிஃபார்ம் 14.3 சதவீதம் வாங்கி 5 இடம். லிபரல் டெமாக்ரட் அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கி 72 இடம். ஒருவருக்கு ஓட்டு நாடு முழுக்கச் சிதறியிருந்தது, மற்றவருக்கு வேண்டிய இடத்தில் குவிந்திருந்தது.

அப்போ 326 இருந்தா ஆட்சியா?

கணக்குக்கு 326. நடைமுறையில் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் போதும். வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சி ஜெயித்தாலும் லண்டன் நாடாளுமன்றத்தில் போய் உட்காராது. 2024-ல் அவர்களுக்கு 7 இடம். சபாநாயகரும் சாதாரணமாக ஓட்டளிக்க மாட்டார். டிவியில் லேபருக்கு 412 என்றும் 411 என்றும் மாறி மாறிக் காட்டினால் குழம்ப வேண்டாம், லேபரிலிருந்து வந்த சபாநாயகரைச் சேர்த்தால் 412.

ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டு வந்தா என்ன செய்வாங்க?

சீட்டுக் குலுக்கல்தான், சட்டமே அப்படிச் சொல்கிறது. 2017-ல் ஸ்காட்லாந்தின் நார்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியில் வித்தியாசம் 2 ஓட்டு. 2024-ல் மிகக் குறைந்த வித்தியாசம் எங்களுக்குப் பக்கத்திலேயே, ஹெண்டனில்: 15 ஓட்டு. அந்தத் தொகுதியில் இருக்கும் ஒரு தோழி வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது என்று அன்று ஓட்டுப் போடப் போகவில்லை. இன்றுவரை அவளை நாங்கள் விடுவதாக இல்லை.

வித்தியாசம் குறைவாக இருந்தால் வேட்பாளர் மறு எண்ணிக்கை கேட்கலாம். 2024-ல் இன்வர்னஸ், ஸ்கை அண்ட் வெஸ்ட் ராஸ்-ஷயர் தொகுதியில் மறு எண்ணிக்கை இழுத்து, சனிக்கிழமைதான் முடிவு வந்தது. அதற்குள் புதுப் பிரதமர் வேலையே ஆரம்பித்துவிட்டார்.

ஒரே மாதிரி மேடை, ஒரே மாதிரி அறிவிப்பு. இதுல பார்க்க என்ன இருக்கு?

2024-ல் காலை ஆறே முக்காலுக்கு முழித்திருந்தவர்களிடம் கேளுங்கள். சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் ட்ரஸ். 2019-ல் 26,000-க்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி. மற்ற வேட்பாளர்கள் மேடையில் வந்து நின்றாகிவிட்டது, அவரைக் காணவில்லை. கூட்டம் மெதுவாக, ஒரே தாளத்தில் கைதட்ட ஆரம்பித்தது. ஒருவழியாக வந்து ஓரத்தில் நின்றார். 630 ஓட்டில் தோல்வி. மேடையில் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் வரவேற்பறையில் அப்போது பாதிப் பேர் குறட்டை. மற்றப் பாதி உப்புமாத் தட்டைக் கையில் வைத்தபடி எழுந்து நின்றே பார்த்தது. 1997-ல் என்ஃபீல்டு சவுத்கேட்டில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் போர்ட்டிலோ தோற்றதை முழித்திருந்து பார்த்தாயா என்று இங்கே மூத்தவர்கள் இன்னும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அப்படி ஒன்று எந்தத் தொகுதியில், எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

எங்கட ஆக்கள் ஆராவது வெண்டவையோ?

உமா குமரன். ஈழத்திலிருந்து வந்த பெற்றோரின் மகள். 2015-ல் எங்கள் ஹாரோ ஈஸ்டில் லேபர் வேட்பாளராக நின்று தோற்றவர், 2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் ஜெயித்து பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரானார். அந்த முடிவு வந்தபோது எந்தக் கட்சி என்று யாரும் பார்க்கவில்லை, கன்சர்வேட்டிவ்கார மாமா உட்பட.

எல்லாரும் ஒரே கட்சி இல்லையே, சண்டை வராதா?

கட்சிச் சண்டை வரும், அது ஒன்றும் பெரிதில்லை. மீம் போட்டு முடித்துக்கொள்வோம். யார் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது, அவர்களே சொன்னால் கேட்கலாம் என்பது மட்டும் வீட்டு விதி. கணவன் மனைவிக்கும் சேர்த்துத்தான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 மார்ச்சில் பராமரிப்பு வேலை விசாவில் புதிதாக வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று விதி வந்தது. ஏப்ரலில் வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 38,700 பவுண்டுக்கு ஏறியது. அந்த ஜூலை இரவில் எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கணவரும் குழந்தையும் திருநெல்வேலியில். அதே சோபாவில், முப்பது வருஷத்துக்கு முன் வந்து குடியுரிமை வாங்கி, இனிமேல் வருகிறவர்களைக் குறைக்கத்தான் வேண்டும் என்று சொல்கிற ஒருவர். குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் ரிஃபார்ம் கட்சியின் தலைவர் நைஜல் ஃபராஜ் கிளாக்டனில் ஜெயித்ததாகத் திரையில் வந்ததும் அவர் ‘பரவாயில்லையே’ என்றார். அந்தப் பெண் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவப் பாத்திரமே இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. அவள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தபோது கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஆனால் ஒருவருக்கு விளையாட்டாக இருக்கிற எண்ணிக்கை, பக்கத்தில் இருப்பவருக்குக் குடும்பம் எப்போது வந்து சேரும் என்ற கணக்கு. அதனால் இப்போதெல்லாம் புதிதாக வருகிறவர்களிடம் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜெயித்தவர்களைக் கொண்டாடுங்கள், தோற்றவர்களைக் கிண்டல் செய்யுங்கள், விசா பற்றி மட்டும் அங்கே இருப்பவர்கள் யார் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி யார் ஜெயிச்சான்னு கேக்கறாங்க, என்ன சொல்ல?

இங்கே இரவு பத்து என்றால் கோடையில் அங்கே விடிகாலை இரண்டரை. நீங்கள் எக்ஸிட் போலை அனுப்பிவிட்டால் காலையில் அவர்கள் காபி குடிக்கும்போது பார்த்துக்கொள்வார்கள். மூன்று மணி உப்புமா நேரத்தில் அங்கே காலை ஏழரை, அப்போது வீடியோவில் கூப்பிடுங்கள். எல்லாரும் விழித்திருப்போம்.

விடிஞ்சதும் ஆட்சி மாறிடுமா? பதவியேற்பு விழா எப்போ?

விழாவெல்லாம் இல்லை. 2024-ல் விடிவதற்குள் சுனக் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை டவுனிங் தெருவில் பிரதமர் இல்ல வாசலில் நின்று பேசிவிட்டு அரசரிடம் ராஜினாமா கொடுத்தார். மதியம் பன்னிரண்டரை தாண்டிப் புதுப் பிரதமர், லேபரின் ஸ்டார்மர் அதே வாசலுக்கு வந்தார். இதுவும் பார்க்க வேண்டியதுதான், நான் பெரும்பாலும் அப்போது தூங்கிக்கொண்டிருப்பேன்.

யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் இழுக்கும். 2010-ல் மே 6 தேர்தல், டேவிட் கேமரன் கூட்டணி பேசிப் பிரதமரானது மே 11. அதுவரை பழைய பிரதமரே நீடிப்பார்.

அடுத்தது எப்போ? இப்பவே லீவு போட்டு வைக்கவா?

முடியாது. 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும், ஆனால் தேதியைப் பிரதமர்தான் முடிவு செய்கிறார். 2024-ல் மே 22 அன்று கொட்டும் மழையில் நின்றுகொண்டு சுனக் அறிவித்தார், ஆறு வாரத்தில் தேர்தல். தேதி தெரிந்த அன்றே குழுவில் போடுகிறேன். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், லீவு அப்புறம்.